மூன்று வரிகளில் எரியும் விளக்கு

ராஸ்பெரி பையின் பின்களைச் சிறுவர் கைகளுக்கு எட்டச் செய்த பைத்தான் லைப்ரரி ஒன்றின் வரலாறும், அதனால் வகுப்பறைகளில் விளைந்த மாறுதலும்

சனிக்கிழமை காலை. இங்கிலாந்தில் ஒரு சிற்றூரின் பொது நூல்நிலையம். அதன் பக்கத்து அறையில் போட்டிருக்கும் நீண்ட மேஜையின் ஓரத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பச்சைப் பலகை ஒன்று, ராஸ்பெரி பை என்னும் சிறு கம்ப்யூட்டர். அதன் விளிம்பில் இரண்டு வரிசையாக நிற்கும் 40 உலோகப் பின்கள். பக்கத்தில் துளைகள் நிறைந்த வெள்ளை பிரெட்போர்டு, ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று வளையமிட்ட ரெசிஸ்டர், இரண்டு ஜம்பர் ஒயர்கள், சின்னஞ்சிறு சிவப்பு எல்.இ.டி. எல்.இ.டி.யின் இரண்டு கால்களில் நீளமானது நேர்மின் பக்கம் சேரவேண்டியது என்று சற்று முன்னர் சொல்லிக்கொடுத்ததை நினைவில் நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, வெகு நிதானமாக அதைத் துளையில் செருகுகிறாள். பிறகு கீபோர்டில் மூன்று வரிகள். எல்.இ.டி. என்பதை லைப்ரரி என்னும் நிரல் தொகுப்பிலிருந்து வரவழைப்பது முதல் வரி. அது 17-ஆம் பின்னில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவிப்பது இரண்டாவது. கண் சிமிட்டு என்று ஆணையிடுவது மூன்றாவது. என்டர் விசையைத் தட்டியதும் சிவப்பு விளக்கு எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. அந்தப் பெண் திரையைப் பார்க்கவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ராஸ்பெரி ஜாம் என்ற பெயரில் நடைபெறும் இத்தகைய கூட்டங்களில் இந்தக் காட்சி இன்று சர்வ சாதாரணம். 2015-ஆம் ஆண்டுக்கு முன்னர் அவ்வளவு சாதாரணமாக இல்லை. அன்றும் இதே பலகை இருந்தது, இதே விளக்கும் இருந்தது, பைத்தான் மொழியும் இருந்தது. ஆயினும் அந்த விளக்கை எரியவைப்பதற்குள் ஒரு குழந்தை கடந்து செல்லவேண்டிய தூரம் மிக அதிகமாக இருந்தது. அந்தத் தூரத்தைக் குறைத்தவர்கள் யார், எவ்வாறு குறைத்தார்கள், குறைத்ததனால் லாபமென்ன, நஷ்டம் ஏதேனும் உண்டா என்பவற்றை விசாரிப்பதே இக்கட்டுரையின் உத்தேசம். பள்ளிக்கூடங்களில் கோடிங் கற்பிப்பதைப் பற்றி வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கிற இந்தக் காலத்தில், என்ன கற்பிப்பது என்பதைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். கற்பிக்கும் கருவி எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பற்றி யோசிப்பது அபூர்வமாக இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைத்த ஜி.பி.ஐ.ஓ. ஜீரோ என்னும் லைப்ரரியின் கதை அந்த யோசனைக்கு நல்லதோர் ஆதாரம்.

திரைக்கு வெளியே

கம்ப்யூட்டரைத் திரையோடும் கீபோர்டோடும் நிறுத்திவிடாமல், விளக்கு, மோட்டார், வெப்பமானி, பொத்தான் முதலிய வெளியுலகப் பொருள்களோடு தொடர்புபடுத்தி இயக்குவதை ஃபிசிக்கல் கம்ப்யூட்டிங் என்கிறார்கள். குழந்தைகளின் கல்விக்கு இது உகந்தது என்ற எண்ணம் புதிதன்று. ஜெனீவாவில் பியாஜே என்னும் உளவியல் அறிஞரோடு பணிபுரிந்து, பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற ஸீமோர் பாப்பர்ட், 1967-இல் வேறு சிலருடன் சேர்ந்து லோகோ என்ற மொழியை உருவாக்கியபோதும், அதைத் தொடர்ந்து தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை யந்திரம் ஒன்றைக் குழந்தைகளின் ஆணைக்கு உட்படுத்தியபோதும், இதே நம்பிக்கைதான் அவரை நடத்திச் சென்றது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆர்டுயினோ பலகை, கலை பயிலும் மாணவர்களுக்கும் மின்னணுவியலின் கதவைத் திறந்துவிட்டது.

ராஸ்பெரி பை பிறந்தது வேறொரு கவலையில். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படிக்க வரும் மாணவர்களின் தொகையும், வரும்போது அவர்களுக்கு இருந்த முன்பயிற்சியும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு போவதைக் கண்ட ஈபன் அப்டன் முதலியோர், 1981-இல் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ போன்ற கம்ப்யூட்டர்களோடு விளையாடி வளர்ந்த தலைமுறைக்குக் கிடைத்த பாக்கியம் பின்வந்தோருக்கு இல்லாமற் போனதே காரணம் என்று நிச்சயித்து, அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்கள். 2012 பிப்ரவரி 29-ஆம் தேதி முதற் பலகை 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. பெயரில் உள்ள 'பை' என்பது பைத்தானைக் குறிப்பது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டிங் ஐந்து வயதிலிருந்தே கட்டாயமாயிற்று; அதே ஆண்டு ஏப்ரலில் பிகாடமி என்ற பெயரில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் ஆரம்பமாயிற்று. பலகை வந்தது, பாடத்திட்டம் வந்தது, ஆசிரியரும் வந்தார்; மொழியும் பொருளும் சந்திக்கும் இடத்தில்தான் இடறல் இருந்தது.

பெட்டிச் செய்தி: ஒரே பின்னுக்கு மூன்று எண்கள்

நம் கதையின் சிறுமி எல்.இ.டி.யை இணைத்த பின்னை, பலகையின் மூலையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 11-ஆவது. சில்லைத் தயாரித்த பிராட்காம் நிறுவனத்தின் கணக்கில் அதே பின் 17. கோர்டன் ஹெண்டர்சன் எழுதிய ஒயரிங்பை என்ற லைப்ரரியில் அதற்கு எண் 0. முதற் பலகைகளில் 26 பின்களே இருந்தன. 2014 ஜூலையில் வந்த பி பிளஸ் மாதிரியிலிருந்து 40. ஆரம்ப காலத்துப் பலகைகளின் இரண்டாம் திருத்தத்தில் சில பின்களின் எண்களே மாறிப்போயின. ஜி.பி.ஐ.ஓ. ஜீரோ பிராட்காம் எண்ணையே பொதுவாக எடுத்துக்கொள்கிறது. பின்அவுட் என்ற ஒரே சொல்லைத் தட்டினால், கையிலுள்ள பலகையின் படத்தையும் எல்லாப் பின்களின் எண்களையும் திரையிலேயே வரைந்து காட்டுகிறது.

சடங்குகளின் சுமை

2015 வரையில் பைத்தான் மூலம் இந்தப் பின்களை இயக்க விரும்பியவர்களுக்குக் கை கொடுத்தது ஆர்.பி.ஐ. ஜி.பி.ஐ.ஓ. என்ற லைப்ரரி. அதை எழுதியவர் பென் கிராஸ்டன். பீர் காய்ச்சும் சிறு ஆலை ஒன்றை நடத்தியவர். அங்குள்ள கருவிகளைக் கட்டுப்படுத்தும் பொருட்டு எழுதியதை உலகுக்கு இலவசமாக வழங்கினார். ராஸ்பெரி பையைக் கொண்டு ஏதேனும் ஒன்றைச் செய்து பார்த்த பல்லாயிரவர் அவருக்குக் கடன்பட்டவர்கள். குறை அவருடையதன்று. ஆலையின் வால்வை நிர்வகிக்கும் பெரியவர் ஒருவருக்கு எது தேவையோ அதை அவர் செய்தார். பத்து வயதுக் குழந்தையை முன்னிட்டு அது எழுதப்படவில்லை.

அந்த முறையில் விளக்கு ஒன்றைச் சிமிட்டச் செய்ய வேண்டுமானால், முதலில் இரண்டு லைப்ரரிகளை வரவழைக்க வேண்டும். பின் எண்ணும் முறைகளில் எதைப் பின்பற்றுகிறோம் என்று அறிவிக்க வேண்டும். 17-ஆம் பின் வெளியீட்டுக்கு உரியது என்று விதிக்க வேண்டும். பிறகு முடிவில்லாத சுழற்சியொன்றை அமைத்து, அதற்குள் பின்னை உயர்த்தி, ஒரு விநாடி காத்திருந்து, தாழ்த்தி, மறுபடியும் ஒரு விநாடி காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பின்களைத் துப்புரவு செய்யும் ஆணையையும் எழுத வேண்டும். அதை மறந்தவர்களுக்கு, அடுத்த முறை நிரலை ஓட்டும்போது, இந்தப் பின் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும். போதாக்குறைக்கு, நிரலை ஓட்டுவதற்கே நிர்வாகியின் அதிகாரம் தேவைப்பட்டது. பலகையின் இயங்குதளத்தில் 2015-இல் வந்த ஜெஸ்ஸி பதிப்பில்தான் சாதாரண உபயோகஸ்தரும் பின்களைத் தொட அனுமதி கிடைத்தது.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணங்களைப் புரிந்துகொள்ளத் தேவையான ஞானம், அந்த ஆணைகளை எழுதிப் பழகி வெகுகாலத்துக்குப் பிறகே வருவது. ஆகவே ஆசிரியர் என்ன செய்வார்? "இப்போதைக்கு இதை அப்படியே எழுதிக்கொள், பின்னால் புரியும்" என்று சொல்வார். குழந்தையும் எழுதிக்கொள்ளும். பொருள் தெரியாமல் வரி வரியாக நகல் எடுப்பது என்ற பழக்கம் முதல் நாளே படிந்துவிடும். நகல் எடுத்ததில் ஓர் எழுத்துப் பிழையானால், எங்கே பிழை என்று கண்டுபிடிக்கக் குழந்தைக்கு எந்த வழியும் இல்லை. ஏனெனில் அதற்கு எந்த வரியின் தாத்பரியமும் தெரியாது. முப்பது குழந்தைகளும் ஒரே ஆசிரியரும் உள்ள வகுப்பில் இதன் விளைவு என்னவென்று ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பின்னை விட்டுப் பொருளைப் பற்றியது

ராஸ்பெரி பை அறக்கட்டளையில் பணியாற்றிய பென் நட்டால், பலகையின் காமிராவுக்குப் பைத்தான் லைப்ரரி எழுதியிருந்த டேவ் ஜோன்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து 2015-இன் பிற்பகுதியில் ஜி.பி.ஐ.ஓ. ஜீரோவை வெளியிட்டார்கள். டேனியல் போப் என்பவர் விளையாட்டு நிரல்களுக்காகச் சற்று முன்னர் எழுதியிருந்த பைகேம் ஜீரோ என்ற லைப்ரரியை ஒட்டி இதற்குப் பெயர் அமைந்தது. காரியத்தைத் தொடங்குவதற்கு முன் எழுதவேண்டிய சடங்கு வரிகள் பூஜ்யம் என்பதே அந்த 'ஜீரோ'வின் பொருள்.

இவர்கள் செய்த முக்கியமான காரியம் வரிகளைக் குறைத்ததன்று. அது விளைவு மாத்திரமே. பின்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுப் பின்னில் இணைந்திருக்கும் பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள் என்பதே விசேஷம். பழைய லைப்ரரியில் விளக்கு என்று ஒன்று கிடையாது. 17-ஆம் பின் உயர்நிலையில் இருக்கிறதா, தாழ்நிலையில் இருக்கிறதா என்பதே உண்டு. புதிய லைப்ரரியில் விளக்கு உண்டு, பொத்தான் உண்டு, பஸர் உண்டு, மோட்டார் உண்டு, ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் உண்டு, இரண்டு மோட்டார்கள் சேர்ந்த ரோபோவும் உண்டு. விளக்கு எரியும், அணையும், சிமிட்டும். பொத்தான் அழுத்தப்படும், விடப்படும். ரோபோ முன்னே செல்லும், இடப்பக்கம் திரும்பும். குழந்தையின் மேஜைமேல் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதுவே நிரலிலும் தெரிகிறது.

பொத்தானின் விஷயத்தில் இந்த வித்தியாசத்தை மிக நெருக்கமாகப் பார்க்கலாம். பொத்தானின் ஒரு காலைப் பின்னோடும் மற்றொரு காலைத் தரையிணைப்போடும் சேர்ப்பது வழக்கம். பொத்தான் அழுத்தப்படாத வேளையில் அந்தப் பின் எந்த மின்னழுத்தத்தோடும் சேராமல் மிதந்துகொண்டிருந்தால் அதன் நிலை நிச்சயமற்றுப் போய்விடும். அதற்காகச் சில்லுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டரை இயக்கி, அதை 3.3 வோல்ட்டை நோக்கி இழுத்து வைப்பார்கள். ஆகவே அழுத்தாதபோது பின்னின் மதிப்பு 1. அழுத்தியதும் மின்சாரம் தரைக்குப் பாய்ந்து மதிப்பு 0 ஆகிவிடும். பழைய முறையில் குழந்தை எழுதவேண்டியது, 'பின்னின் மதிப்பு பொய்யானால், பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது' என்பது. மின்னியல் அறிந்தவருக்கு இது நியாயமே. பொத்தானை முதன்முதலாகத் தொடும் சிறுவனுக்கோ தலைகீழ்ப் பாடம். ஜி.பி.ஐ.ஓ. ஜீரோ இந்தத் தலைகீழைத் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறது. ரெசிஸ்டரை அதுவே இயக்குகிறது. மதிப்பை அதுவே திருப்பிக்கொள்கிறது. பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், அழுத்தியிருக்கும்போது ஆம் என்கிறது. நிரல் முடிந்ததும் பின்களைத் துப்புரவு செய்வதும் அதன் பொறுப்பே.

இந்த லைப்ரரியின் ஆக்கியோர் எவ்வளவு சிரத்தையோடு சிந்தித்தார்கள் என்பதற்கு இன்னொரு திருஷ்டாந்தம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பைத்தானில் ஒரு பொருளுக்கு இல்லாத குணமொன்றை எழுத்துப் பிழையால் எழுதிவிட்டால், சாதாரணமாக மொழி அதை ஆட்சேபிப்பதில்லை; அப்படியே புதுக் குணமாக ஏற்றுக்கொண்டு மௌனமாக இருந்துவிடும். 'அழுத்தும்போது' என்பதைக் குறிக்கும் சொல்லில் ஈற்றெழுத்தொன்றை விட்டுவிட்ட மாணவன், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடவாததைக் கண்டு ஒயரைச் சந்தேகிப்பான், பலகையைச் சந்தேகிப்பான், கடைசியில் தன் புத்தியையே சந்தேகிப்பான். இதை முன்கூட்டியே உணர்ந்து, தன் பொருள்களுக்குப் புதுக் குணங்களைச் சேர்க்கமுடியாதபடி இந்த லைப்ரரி தடுத்து வைத்திருக்கிறது. பிழையாக எழுதிய கணமே, இப்படியொரு குணம் இதற்கு இல்லை என்று சொல்லி நிரல் நின்றுவிடும். ஒரே பின்னில் இரண்டு பொருள்கள் இருப்பதாகச் சொன்னாலும் அவ்வாறே. அனுபவசாலிகளுக்கு இது சற்றே இடைஞ்சல். தெரிந்தே அந்த இடைஞ்சலை ஏற்று, ஆரம்ப மாணவனின் பக்கம் நின்றார்கள்.

பெட்டிச் செய்தி: எல்லா அளவும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில்

ராஸ்பெரி பைக்கு ஆம், இல்லை என்ற இரண்டு நிலைகளே தெரியும். படிப்படியாக மாறும் மின்னழுத்தத்தை அளக்கும் வசதி கிடையாது. அதற்காக எம்.சி.பி. 3008 போன்ற சில்லை இணைப்பது வழக்கம். எட்டுத் தடங்களுள்ள அந்தச் சில்லு தருவது 0 முதல் 1023 வரையிலான எண். லைப்ரரி அதை 0 முதல் 1 வரையிலான பின்னமாக்கிக் கொடுக்கிறது. விளக்கின் பிரகாசமும் 0 முதல் 1 வரை. மோட்டாரின் வேகம் -1 முதல் 1 வரை. கழித்தற்குறி பின்னோக்கிய சுழற்சியைக் குறிப்பது. அளவுகள் எல்லாம் இப்படி ஒருப்பட்டிருப்பதால், திருகும் குமிழின் மதிப்பை விளக்கின் பிரகாசத்துக்கு ஒரே வரியில் இணைத்துவிடலாம்.

வகுப்பறையில் விளைந்தது

முதல் மணி நேரத்திலேயே விளக்கு எரிந்துவிடுவதால், மீதி நேரமெல்லாம் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குக் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய விளைவு வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு விளக்கு எரிந்ததும் குழந்தை மூன்று விளக்குகளை இணைத்துப் போக்குவரத்து விளக்காக்கும். பாதசாரிக்காகப் பொத்தான் சேர்க்கும். கண் தெரியாதவர்களுக்கு என்ன வழி என்று யாரேனும் கேட்டால் பஸரைச் சேர்க்கும். இந்தக் கேள்விகளெல்லாம் பின்னின் உயர்நிலையைப் பற்றியவை அல்ல, உலகத்தைப் பற்றியவை. அறக்கட்டளை வெளியிட்ட பாடங்களில் 'பெற்றோரைக் கண்டுபிடிக்கும் கருவி' என்று ஒன்று உண்டு. அறைக்குள் யாரேனும் நுழைந்தால் நடமாட்ட சென்சார் உணர்ந்து காமிராவை இயக்கிப் படமெடுக்கும். வீட்டில் தன் அறைக்குள் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எந்தக் குழந்தைக்குத்தான் இல்லை? அந்த ஆசையிலிருந்து பாடம் புறப்படும்போது, ஆசிரியர் பின்னாலிருந்து தள்ளவேண்டிய அவசியம் நேர்வதில்லை.

ஆசிரியருக்கும் இதனால் ஒரு விடுதலை கிடைத்தது. இங்கிலாந்தில் கம்ப்யூட்டிங் பாடம் கட்டாயமானபோது, அதைக் கற்பிக்க வேண்டியிருந்தவர்களில் பலர் வேறு பாடங்களில் தேர்ந்தவர்கள்; மின்னணுவியலோ நிரல் எழுதுவதோ முன்பின் பயிலாதவர்கள். விளக்கத் தெரியாத வரிகளைக் கரும்பலகையில் எழுதிப்போடும் சங்கடம் அவர்களுக்கு இருந்தது. மூன்றே வரிகள், மூன்றுக்கும் பொருள் சொல்லலாம் என்ற நிலை வந்தபோது, மாணவன் கேட்கும் கேள்விக்கு அஞ்சவேண்டிய நிர்ப்பந்தம் நீங்கிற்று. 2016-இல் ஃபில் கிங் எழுதிய சிறு கைந்நூலொன்றும் இந்த லைப்ரரியை வைத்தே எளிய மின்னணுவியலைக் கற்பித்தது. அதே வருஷம் செப்டம்பரில் ராஸ்பெரி பையின் விற்பனை ஒரு கோடியை எட்டியது.

மறைத்தது தகுமா?

கஷ்டத்தை மறைத்துவிட்டால் குழந்தை கற்பது என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, மேலோட்டமாகப் பதில் சொல்லித் தப்பக்கூடாது.

கஷ்டங்களில் இரண்டு வகை. கற்கவேண்டிய விஷயத்தோடு பிறந்த கஷ்டம் ஒன்று; கருவி செய்தவரின் சௌகரியத்தால் வந்து சேர்ந்த கஷ்டம் மற்றொன்று. ஒரே பின்னுக்கு மூன்று எண்கள் இருப்பதைக் கற்றதனால் எந்தக் குழந்தையும் அறிவாளியாகிவிடுவதில்லை. ஆனால் எல்.இ.டி.யோடு ரெசிஸ்டரை ஏன் சேர்க்கிறோம் என்பது விஷயத்தோடு பிறந்தது. 3.3 வோல்ட் பின்னில் 330 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் சிவப்பு விளக்கின் வழியே ஏறத்தாழ 4 அல்லது 5 மில்லி ஆம்பியர் மாத்திரமே பாயும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் விளக்கும் கெடலாம், பின்னும் கெடலாம். எந்த லைப்ரரியும் இதைக் குழந்தைக்காகச் செய்துவிட முடியாது.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை அவசியம். நிரல் எளிதாகிவிட்டது என்பதனால் மின்சுற்றும் எளிதாகிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. ஒலியலை கொண்டு தூரத்தை அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர். 04 என்ற சென்சார் மிக மலிவானது, பள்ளிகளில் பிரபலமானது. லைப்ரரியில் தூரமளக்கும் சென்சார் என்ற பெயரில் அதற்கு ஆணைகள் உண்டு. தூரத்தை மீட்டரிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த சென்சாரின் எதிரொலிப் பின் 5 வோல்ட் கொடுக்கும்; ராஸ்பெரி பையின் பின்னோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இரண்டு ரெசிஸ்டர்களைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக் குறைக்காமல் நேராக இணைத்தால் பலகை பாழாகும். மோட்டாரையும் அவ்வாறே பின்னோடு நேராகச் சேர்க்கலாகாது. இடையில் மோட்டார் டிரைவர் வேண்டும். நிரலின் வரி ஒன்றாக இருப்பினும், அதன் பின்னாலுள்ள மின்சுற்றை வரைந்து காட்டிய பிறகே ஒயரைத் தொட அனுமதிப்பது உபாத்தியாயரின் கடமை.

லைப்ரரியிலும் இடறும் இடங்கள் இல்லாமல் இல்லை. சிமிட்டு என்ற ஆணை பின்னணியில் ஓடுவது. நேருக்கு நேர் ஆணையிடும்போது சரியாக இருக்கும். அதையே கோப்பாக எழுதி ஓட்டினால், நிரல் கடைசி வரிக்கு வந்து முடிந்துவிட, விளக்கு உடனே அணைந்துவிடும். காத்திரு என்று இன்னொரு ஆணை சேர்க்கவேண்டும் என்பது அதுவரையில் தெரியாத குழந்தைக்கு இது பெரும் ஏமாற்றம். இன்னொன்று, பொத்தானை அழுத்தும்போது விளக்கு எரியவேண்டும் என்று எழுதும் வரியில் வருவது. அந்த வரியில் விளக்கை எரியச்செய்யும் ஆணையின் பெயரை மட்டும் எழுதவேண்டும். பின்னால் அடைப்புக்குறிகள் கூடாது. மற்ற எல்லா இடங்களிலும் அடைப்புக்குறி போட்டுப் பழகிய கை, இங்கும் போட்டுவிடும். போட்டால் விளக்கு அந்தக் கணமே எரிந்துவிடும். பொத்தானை அழுத்தினாலோ ஒன்றும் நடவாது. ஏனெனில் ஆணையைப் பொத்தானிடம் ஒப்படைக்காமல், நாமே அதை நிறைவேற்றிவிட்டு, அதன் வெறுமையான விடையை ஒப்படைத்திருக்கிறோம். ஆயினும் இது விஷயத்தோடு பிறந்த கஷ்டம். ஒரு செயலைச் செய்வதும், பின்னால் செய்யும்படி இன்னொருவரிடம் ஒப்படைப்பதும் வெவ்வேறு என்பது நிரல் கலையின் ஆழ்ந்த கருத்துகளில் ஒன்று. புத்தகத்தில் படித்தால் மண்டை குழம்பும் அந்தக் கருத்து, எரியும் விளக்கும் பேசாத பொத்தானும் கண்முன் இருக்கையில், பத்து வயதில் விளங்கிவிடுகிறது.

மறைத்ததைத் திறந்து பார்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். விளக்கு என்னும் வகை, பொதுவான வெளியீட்டுச் சாதனம் என்னும் வகையிலிருந்து பிறந்தது. அது பின்னைக் கையாளும் வகையிலிருந்து பிறந்தது. வளர்ந்த மாணவன் ஒவ்வொரு படியாகக் கீழிறங்கி, ரெசிஸ்டர் மேலே இழுக்கிறதா, கீழே இழுக்கிறதா என்பது வரையில் தானே நிர்ணயிக்கலாம். லைப்ரரியில் இல்லாத பொருளுக்குப் புது வகையையும் எழுதிக்கொள்ளலாம்.

2023-இல் வந்த சோதனை

2023-இன் இறுதியில் ராஸ்பெரி பை 5 வெளிவந்தது. அதுவரையில் பின்களை நிர்வகித்துவந்த பிரதான சில்லிடமிருந்து அந்தப் பொறுப்பு ஆர்.பி. 1 என்ற தனிச் சில்லுக்கு மாறிற்று. பிரதான சில்லின் உள்ளறைகளை நேராகத் தொட்டு வேலை செய்த ஆர்.பி.ஐ. ஜி.பி.ஐ.ஓ. புதிய பலகையில் ஓடவில்லை. எண்ணற்ற பழைய நிரல்கள் நின்றுபோயின. டேவ் ஜோன்ஸே அதற்கு ஈடாக, பழைய ஆணைகளைப் புது முறைக்கு மாற்றிக்கொடுக்கும் லைப்ரரி ஒன்றை எழுதி அளித்தார். ஜி.பி.ஐ.ஓ. ஜீரோவில் எழுதியவர்களுக்கோ பெரும்பாலும் எந்தத் தொல்லையும் ஏற்படவில்லை. பொருளைப் பற்றிப் பேசும் மேற்பகுதியையும், பின்னைத் தொடும் கீழ்ப்பகுதியையும் ஆரம்பத்திலேயே பிரித்து வைத்திருந்ததால், கீழ்ப்பகுதியை மாத்திரம் மாற்றிக்கொண்டால் போதுமானதாயிற்று. 2015-இல் ஒரு குழந்தை எழுதிய மூன்று வரிகள் எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த பலகையிலும் எழுத்து மாறாமல் ஓடின. ஆரம்ப மாணவருக்கென்று செய்தவை நீடித்து உழைக்கமாட்டா என்ற அபிப்பிராயம் உடையவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அதே பிரிவினையால் இன்னோர் அனுகூலமும் உண்டு. கீழ்ப்பகுதிக்குப் பதிலாகப் பாவனைப் பின்களை வைத்துக்கொள்ளும்படி லைப்ரரிக்கு உத்தரவிடலாம். அப்போது ராஸ்பெரி பை இல்லாத சாதாரணக் கம்ப்யூட்டரிலும் நிரலை எழுதி, ஓட்டி, சோதித்துப் பார்க்கலாம். முப்பது மாணவர்களுக்கு இரண்டே பலகைகள் உள்ள பள்ளிக்கு இது பெரிய உபகாரம்.

நம் மாணவர் கையில்

இந்தியாவில் 2016 முதல் மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தின்கீழ், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையில் உள்ள மாணவர்களுக்காகப் பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை அளிக்கப்படுகிறது. சென்சார்களும் மோட்டார்களும் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. பெட்டியைத் திறந்து முதல் விளக்கை எரியவைக்கும்போது, தமிழ் வழியில் படிக்கும் குழந்தைக்கு முன் நிற்கும் தடை இன்னும் ஒன்று அதிகம், அது ஆங்கிலம்.

இதில் பாதித் தடையை இன்றே நீக்கலாம். பைத்தானின் மூன்றாம் பதிப்பு, பொருள்களுக்கு இடும் பெயர்களைத் தமிழ் எழுத்துகளிலேயே எழுத இடங்கொடுக்கிறது. 17-ஆம் பின்னில் உள்ளதற்கு விளக்கு என்றும், 2-ஆம் பின்னில் உள்ளதற்குப் பொத்தான் என்றும் பெயரிட்டு நிரல் எழுதினால் அது பிழையின்றி ஓடும். எரி, அணை, சிமிட்டு முதலிய ஆணைகள் ஆங்கிலத்தில் இருக்கும். விரும்பினால் அவற்றுக்கும் தமிழ்ப் பெயர் சூட்டிச் சிறு மேலுறை ஒன்றை எழுதிவிடலாம். அதற்குச் சில வரிகளே போதும். முத்து அண்ணாமலை முழுமையாகத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே எழில் என்ற நிரல் மொழியை உருவாக்கியபோது, அதற்கு அடிப்படையாகக் கொண்டதும் பைத்தானையே.

மற்றப் பாதி, விளக்கவுரை. ஜி.பி.ஐ.ஓ. ஜீரோவின் வெற்றியில் அதன் விளக்கவுரைக்குச் சரிபாதி பங்கு உண்டு; ஒவ்வொரு பொருளுக்கும் மின்சுற்றுப் படம், அதன் கீழ் ஓட்டிப் பார்க்கத்தக்க நிரல், அதன் கீழ் இரண்டு வரி விளக்கம் என்று ஒழுங்காக அமைந்திருக்கிறது. லைப்ரரி பி.எஸ்.டி. உரிமத்தின்கீழ் வெளியாகியிருப்பதால், உரிமக் குறிப்பைக் காப்பாற்றி யாரும் அதை எடுத்தாளலாம், மாற்றலாம், வெளியிடலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மின்னணுவியல் அறிந்த ஆசிரியர்களும் பொறியியல் கல்லூரி மாணவர்களும் இதை வாசிப்பீர்களாயின், உங்களுக்கு ஒரு விண்ணப்பம். விளக்கு, பொத்தான், பஸர், நடமாட்ட சென்சார், தூரமளக்கும் சென்சார் என்ற ஐந்தை மாத்திரம் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மின்சுற்றுப் படமும், ஓடும் நிரலும், எந்த இணைப்பு பலகையைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கையும் சேர்த்துத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கொடுங்கள்.